அடுத்த கோட்டின் சூடு

பேருந்து நிறுத்தத்தில் மழை படுக்கைவாட்டில் பெய்துகொண்டிருந்தபோது, தையல்காரியின் முதுகு திடீரென்று சுட்டது.

அவள் போட்டிருந்தது அவளே தைத்த மாதிரிக் கோட்டு. துணிக்குள் மின்சாரம் ஓடும் நூல்; கைமடிப்பை அழுத்தினால் முதுகு சூடாகும். அவள் அழுத்தவே இல்லை... ஆனால் தோளில் விழுந்த மழை சுர்ரென்று ஆவியானது. பக்கத்தில் நின்ற பெரியவர் தன் குடையை அவள் முதுகில் காட்டி உலர்த்திக்கொண்டார்.

திரும்பினாள். அவள் பட்டறையில் தைத்த அதே ரகக் கோட்டில் ஒருவன், கைமடிப்பை அழுத்தியபடி நடுங்கினான். நனைந்த இமைகள்... அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்ததில் இரண்டு பேருந்துகள் போய்விட்டன.

"ஏங்க, அதை அமுக்காதீங்க!"

"குளிருதுங்க. ஐஸ் கிடங்குல வேலை. நேத்துதான் வாங்கினேன், சூடே ஆகல."

"எப்படி ஆகும்? உங்க சூடெல்லாம் என் முதுகுலல்ல இருக்கு!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஒவ்வொரு கோட்டிலும் கைமடிப்புக்கும் முதுகுக்கும் ஒரே இணைப்பு எண் ஏற்ற வேண்டும். இவன் கைமடிப்பில் தன் கோட்டின் எண்ணை ஏற்றிவிட்டிருக்கிறாள். எட்டு வருடத்தில் அவள் தைத்தது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. வந்தால், தைத்தவர் தையலை விட்டுப் பொத்தான் மட்டும் கட்டும் பொத்தான் மேசைக்குப் போகவேண்டும், மகளானாலும் சரி. அது பட்டறைக்கார அப்பாவின் சட்டம்.

"நாளைக்குப் பட்டறைக்கு எடுத்துட்டு வாங்க. ஆனா... அப்பாகிட்ட மூச்சு விடாதீங்க."

மறுநாள் பட்டறை வாசலிலேயே அவனை அப்பா மறித்தார்.

"என்ன தம்பி, கோட்டுல ஏதாச்சும் குறையா?"

அவன் அவளைப் பார்த்தான். உதடு நீலம் பூத்திருந்தது.

"குறையா? சும்மா... நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேங்க."

"சந்தோஷம். அப்ப கிளம்புங்க, வேலைக்கு நேரமாகுதில்ல?" அப்பா கதவைத் திறந்துவிட்டார்.

இப்படியே போய்விடுவானா... இந்தக் கோட்டோடு...

"அப்பா! தப்பு என்னுது. எண்ணை மாத்தி ஏத்திட்டேன்."

அப்பா பொத்தான் மேசையை விரலால் காட்டிவிட்டு உள்ளே போனார்.

"ஏங்க சொன்னீங்க?" என்றான் அவன், மெல்ல. "நான்தான் சமாளிச்சிட்டேனே!"

"பெரிய சமாளிப்பு! கிடங்குல நீங்க விறைச்சுக் கெடந்தா, அப்புறம் நான் யாரைங்க பார்த்துட்டு நிக்கிறது?"

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

கோட்டு இன்னும் சரிசெய்யப்படவில்லை. அவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

"தினமும் பஸ் ஸ்டாப்புல நிக்கிறேங்க..." என்றான்.