சிவப்பு அங்கிக்குள் ஓர்சோலா

படத்தில் நேற்றே காய்ந்துபோயிருந்த கர்தினாலின் உதட்டில் இன்று ஈரம் மினுமினுத்தது. ஓவியன் நிக்கோலோசோ விரலால் தொட்டுப் பார்த்தான். சாயம் ஒட்டவில்லை, வெறும் ஈரம்தான். எண்ணெயில் ஏதோ கோளாறு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான், பாவி.

பெரூஜியா நகரத்துப் பெரிய மனிதர்கள் முகம் வரையும்வரைதான் பொறுமையாக உட்காருவார்கள். கர்தினாலும் அப்படித்தான். நெஞ்சு கிழிய இருமிவிட்டு, "மத்ததை நீயே பாத்துக்கோ" என்று எழுந்து போனவர், அங்கியையும் தொப்பியையும் மட்டும் கொடுத்தனுப்பினார். மடிப்புகளை வரைய யாராவது அதைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டுமே! ஓவியன் வீட்டில் அதற்கு வாய்த்தவள் பெண்டாட்டிதான்.

"ஏங்க, கர்தினால் இதையெல்லாம் எப்படித்தான் சுமக்கிறாரோ! உள்ள ஒரே மருந்து நாத்தம்," என்றாள் ஓர்சோலா.

"வாயை மூடிட்டு உக்காருடி. மடிப்பு கலையுது."

"கலையட்டும். எனக்கு ஆசீர்வாதம் பண்ணணும்போல இருக்கு," என்று கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போதுதான் பேராலயத்தில் சாவு மணி அடித்தது. ஜன்னல் திறந்து கிடந்தது. கீழே தெருவில் ரொட்டிக்காரி யாரிடமோ கத்தினாள்: "கர்தினால் போயிட்டாராம்! இப்பத்தான்!"

"ஐயோ, பாவம். ஓர்சோலா, போதும், கழட்டிடு."

நாற்காலியிலிருந்து இருமல் வந்தது. அடி நெஞ்சிலிருந்து கிளம்பி, தொண்டையில் கரகரத்து, கோழையோடு முடியும் இருமல். ஓர்சோலாவுக்கு இருமலே கிடையாது.

"விளையாடாதடி."

ஓடிப்போய் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தான். துணி தனியாக வரவில்லை. துணியோடு தோலும் சேர்ந்து வந்தது. அங்கி கொதித்தது. தொப்பிக்குக் கீழே ஓர்சோலாவின் முகம்தான். ஆனால் அந்தக் கண்கள் அவனை யாரோ கூலிக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தன.

"மத்ததை நீயே பாத்துக்கோ," என்றது ஆண் குரல்.

கடவுளே, அவளை விட்டுடு. என்னை எடுத்துக்கோ. அவளை மட்டும் விட்டுடு.

யோசிக்க நேரமில்லை. படத்தில் முகம் இருக்கும்வரை அவர் போகமாட்டார், அவ்வளவுதான் அவன் புத்திக்கு எட்டியது. சாயம் சுரண்டும் கத்தியை எடுத்தான். படம் வரைந்த பலகையில் இருந்த கிழவனின் கன்னத்தில் வைத்து அழுத்தினான். சுரண்டினான். நெற்றி. மூக்கு. இன்னும் ஆழமாக.

சாயத்துக்கு அடியில் பலகையின் வெள்ளைப் பூச்சு இல்லை.

தோல்.

ஒரு புருவம். அதன்கீழ் ஒரு பழுப்புக் கண். அது இமைத்தது. அவனைத் தேடியது. கண்டுகொண்டு அழுதது.

கத்தியிலிருந்து சொட்டியது சாயமில்லை.

"வலிக்குதுங்க," என்றது பலகை, ஓர்சோலாவின் குரலில். "நிறுத்திடாதீங்க. மூச்சு முட்டுது. சீக்கிரம், வெட்டி எடுங்க."