ஜன்னலில் நீல நட்சத்திரம்

நேற்று ஓவியத்தில் அந்தப் பச்சைக் கார் தானியக் களஞ்சியத்துக்கு அப்பால் நகத்தளவுதான் தெரிந்தது. இன்று களஞ்சியத்தைத் தாண்டி இந்தப் பக்கம் நின்றது. நேற்று சரியாகப் பார்த்திருக்க மாட்டோம் என்று வெர்னா தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

1943இல் நெப்ராஸ்காக்காரர் ஒருவர் தீட்டிய ஓவியம் அது. மக்காச்சோள வயல்களுக்கு நடுவே ஒரு செங்கல் ராணுவப் பயிற்சிக்கூடம், அதன் ஜன்னலொன்றில் மட்டும் ஏதோ மங்கலாக. அருங்காட்சியகச் சுவருக்கு அவள் விளக்கக் குறிப்பு எழுதியாக வேண்டும். பஞ்சுக்குச்சியை நாக்கில் நனைத்து, எண்பது வருஷப் புகைக்கரியை மெல்ல உருட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். வார்னிஷ் நெடி மூக்கில் ஏறியது. சுவரோரம் நீராவிக் குழாய் முனகிக்கொண்டிருந்தது.

“எச்சில் தொட்டுத் துடைக்கத்தான் இவ்ளோ படிச்சியா, வெர்னா?” காவலாளி மெர்ல் கோட்டை மாட்டியபடி கேட்டான். “சண்டைக்குப் போன புள்ளகிட்டேருந்து ஏதாச்சும் சேதி?”

“ஒம்பது நாளாச்சு. ஒரு தகவலும் இல்ல.”

“பெத்தவ பொறந்தநாளையே மறக்குற பய அவன். விடு. கீழ பூட்டிட்டுப் போறேன்.”

மரப்படிகளில் அவன் காலடி இறங்கித் தேய்ந்தது.

ஓவிய ஜன்னலில் ஒரு நீல நட்சத்திரம் தெளிந்து வந்தது. மகன் போர்முனையில் இருக்கும் வீட்டு ஜன்னலில் தொங்கும் துணிக்கொடியில் இருப்பது. மகன் இறந்தால் தாய் அதன்மேல் பொன் நட்சத்திரம் தைப்பாள். வெர்னாவின் சமையலறை ஜன்னலிலும் ஒரு நீலம் தொங்குகிறது. வீட்டில் இருக்க வேண்டியது ராணுவக் கட்டடத்தில் ஏன்? ‘ஊர் இக்கட்டடத்தைத் தன் வீடாகக் கண்டது’ என்று எழுதினாள். எழுதியதை அவளாலேயே நம்ப முடியவில்லை. பயமாக இருந்தது.

பஞ்சில் நீலம். நிறம் வந்தால் நிறுத்த வேண்டும், இருபது வருஷப் பழக்கம். கரிதான் என்று சொல்லிக்கொண்டாள். இன்னொரு உருட்டு. இன்னொன்று.

நீலம் முழுக்கப் பஞ்சுக்கு வந்துவிட்டது. அடியில் பொன். மேலே தைக்க வேண்டியதை அந்த ஓவியர் முதலிலேயே தீட்டி வைத்திருக்கிறார்.

பஞ்சைத் திரும்ப அழுத்தினாள். நீலம் ஒட்டவில்லை. கண் ஓவியத்தின் சாலைக்கு ஓடியது. கார் அங்கே இல்லை. பயிற்சிக்கூட வாசலில் நின்றது. இரண்டு கதவும் திறந்தபடி. உள்ளே யாருமில்லை.

சாவுச் சேதியை ராணுவம் போனில் சொல்லாது. சீருடையில் இரண்டு பேர் வருவார்கள்.

கீழே பூட்டு திறந்த சத்தமே இல்லை. ஆனால் மரப்படியில் பூட்ஸ். இரண்டு ஜோடி. நிதானமாக.

“மிஸஸ் வெர்னா டியர்க்ஸ்?” பணிவான குரல்.

கதவுக் கண்ணாடியில் இரண்டு தொப்பிகள். தொப்பிகளுக்குக் கீழே முகம் இன்னும் தீட்டப்படவில்லை.