இரண்டாவது பேனா

பேனா ஜாம் குப்பிக்குள் நின்றுகொண்டிருந்தது. அப்படியிருந்தும் கணினித் திரையில் அம்புக்குறி நகர்ந்தது.

பெரிய நகர்வு ஒன்றும் இல்லை. ஓர் அரிசி நீளம் இருக்கும். இடப்பக்கம் போய் நின்று, லேசாக நடுங்கி, அங்கேயே தங்கிவிட்டது. மாரிட் ஹௌகன் காபியை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்திப் பார்த்தாள். மலிவாக வாங்கிய சாமான் என்றால் கொஞ்சம் கிறுக்கு இருக்கத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு காபியைக் குடித்தாள்.

நவம்பர் கடைசி. ஏரிக்கரை ஊரான டுலூத்தில் நாலரை மணிக்கெல்லாம் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். ஜன்னலுக்குக் கீழே ஏரி கறுத்துக் கிடந்தது. துறைமுகத்துத் தூக்குப்பாலத்தை உயர்த்தச் சொல்லி, இரும்புத்தாது ஏற்றிய ஏதோ ஒரு கப்பல் ஊதியது. கீழ்வீட்டில் யாரோ வெங்காயம் வதக்கும் வாசனை படியேறி வந்தது. சுவரோரத்து வெந்நீர்க் குழாய் வழக்கம்போல டங்கு டங்கென்று இருமிக்கொண்டிருந்தது. இந்த மாடி வீட்டில் ஒன்பது வருஷமாகத் தனியாக இருக்கிறவள் அவள். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள்.

பழைய வரைபலகை செத்தது மூன்று வாரத்துக்கு முன்னால். அதன்மேல் பேனாவை ஓட்டினால் கோடு திரையில் விழும்; கணினியில் படம் வரைகிறவர்களுக்கு அந்தப் பலகை போனால் கையே போன மாதிரி. அன்று மினியாபோலிஸில் இருக்கும் டெஸ்மண்டைக் கூப்பிட்டுப் புலம்பினாள். காமிக்ஸ் வரைகிறவன், எந்தக் கருவியைப் பற்றிக் கேட்டாலும் ஒரு மணி நேரம் பேசுவான்.

"ஸ்கிரீன் வெச்ச பலகை பக்கமே போகாத," என்றான். "பாத்தா ஆசை வரும். ஆசை வந்தா வாடகை போயிரும்."

"அப்ப சின்னதா புதுசா ஒண்ணு வாங்கிக்கட்டுமா? விலை கம்மியா இருக்கு."

"தபால் கார்டு சைசுலயா? எதுக்கு, கொசுவுக்குப் படம் போடவா? நீ தோள்லேருந்து கைய வீசி வரையிற ஆளு. பெருசா, பழசா பாரு. பேனா அழுத்தம் அத்தனை ஆயிரம் படி இத்தனை ஆயிரம் படின்னு பெட்டி மேல போட்டிருப்பான், அதுல மயங்கிராத. பேட்டரி கேக்காத பேனாவா இருந்தா போதும்."

"யாரோ யூஸ் பண்ணதா இருக்குமே, டெஸ்மண்ட்."

"உன் கார் மட்டும் என்ன, நீ பெத்ததா?"

அவன் பேச்சைக் கேட்டுத்தான் பழைய சாமான் விளம்பரங்களைத் துழாவினாள். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் சுப்பீரியர் ஊரில் ரஸ் என்று ஒருவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், பெரிய அளவுப் பலகை ஒன்றை விற்க வைத்திருந்தார். அவளை வீட்டுக்குள் கூப்பிடவில்லை. குளியல் துண்டில் சுற்றி வாசலுக்கே கொண்டுவந்தார்.

"என் பொண்டாட்டியோடதும்மா. ஜோலீன். போன வசந்தத்துல தவறிட்டா. பேனா மட்டும் நான் புதுசா வாங்கிப் போட்டது," என்றவர், அவள் பர்ஸைத் திறப்பதற்குள் தாமே பாதி விலையாகக் குறைத்தார்.

கேட்காமலே விலையைக் குறைக்கிறவனிடம் ஏன் என்று கேட்க வேண்டும். பேரம் பேசத் தெரிந்தவர்களுக்கு இது பாலபாடம். மாரிட்டுக்குப் பேரமும் தெரியாது, கையில் பணமும் கிடையாது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பானேன் என்று நினைத்துக்கொண்டு அனுதாபம் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அவளுடைய அவசரம் அப்படி. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடித்துக்கொண்டே பதினோரு வருஷம் பதிப்பகங்களுக்குப் படம் அனுப்பியவள். இப்போதுதான் ஒரு கதவு திறந்திருந்தது. பனிக்காலத்தில் தூங்க மறுக்கும் ஒரு கரடிக்குட்டியின் கதை. மாதிரிக்கு மூன்று பக்கம் கேட்டார்கள். இரண்டு பக்கம் பிடித்திருந்தது. மூன்றாவது, கரடி கடைசியில் மண்ணுக்கடியில் குகைக்குள் படுத்துத் தூங்கும் பக்கம், திரும்பி வந்தது. 'குகைக்குள் இருக்கிற இருட்டு எனக்கு நம்பும்படியாக இல்லை. வெளியே நின்று வரைந்ததுபோல் இருக்கிறது. புதன் மாலைக்குள் மாற்றி அனுப்புங்கள். பிடித்திருந்தால் அன்றைக்கே நானே கூப்பிடுகிறேன்' என்று பெரனிஸ் என்ற பதிப்பாசிரியை எழுதியிருந்தார். அந்தப் புதன் இன்றுதான். இந்தப் புத்தகம் வேண்டும், எப்படியாவது வேண்டும் என்று மாரிட்டின் நெஞ்சு காலையிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது.

அதிசயம் என்னவென்றால், இந்தப் பலகை வந்ததிலிருந்து அந்த இருட்டு படிந்து வந்தது. கோடு கோடாக இழைத்துக்கொண்டே போவாள். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தால், தான் விட்ட இடத்துக்கு அப்பாலும் கோடுகள் இருப்பதாகத் தோன்றும். குகையின் கூரையிலிருந்து ஒரு வேர் தொங்கும். மண்ணுக்கு ஒரு கனம் இருக்கும். நாமே வரைந்துவிட்டு மறந்திருப்போம் என்று நினைத்துக்கொள்வாள். வேலை நன்றாக நடக்கும்போது யார் கேள்வி கேட்கிறார்கள்?

இப்போது, அவள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே, அம்புக்குறி மறுபடி நகர்ந்தது. இந்த முறை அது ஒரு கோட்டை இழுத்தது.

மெல்லிய கோடு. கரடியின் முதுகுக்கும் மண்சுவருக்கும் நடுவே மேலிருந்து கீழாக நிதானமாக இறங்கியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அவசரமே இல்லாத கை. அம்புக்குறி ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் ஒரு கணம் நின்று, பிறகுதான் அடுத்ததற்குப் போயிற்று.

மாரிட் ஃபோனை எடுத்தாள்.

"பேனாவத் தொடாமலே கோடு போடுது, டெஸ்மண்ட்."

"செட்டிங்ஸத் திற. பேனான்னு ஒரு இடம் இருக்கா? எத்தனை காட்டுது?"

திறந்தாள். "ரெண்டு. ரெண்டாவதுக்குப் பக்கத்துல பச்சை விளக்கு எரியுது."

"அதான பாத்தேன். ஒவ்வொரு பேனாவுக்கும் ஒரு அடையாளம் உண்டு, பலகை அத ஞாபகம் வெச்சுக்கும். ரெண்டாவது பழைய பேனா. பச்சை எரிஞ்சா அது பலகைக்குக் கிட்ட இருக்குன்னு அர்த்தம். துண்டுல கிண்டுல மாட்டியிருக்கும், தேடு."

"கிட்டன்னா எவ்வளவு கிட்ட?"

"ஒரு விரல் கனம். அதுக்கு மேல போச்சுன்னா பலகைக்குக் கண்ணு தெரியாது."

பலகையைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் மேசைதான் இருந்தது. பலகையைச் சுற்றி வந்த துண்டை உதறினாள். எதுவும் விழவில்லை. துண்டிலிருந்து, சாவு வீட்டில் வைக்கிற கார்னேஷன் பூவின் வாசனை வந்தது, வாடிப்போன பூ. பச்சை விளக்கு அணையவே இல்லை.

"இல்ல," என்றாள்.

"அப்ப வித்தவரையே கேளு. கேட்டுட்டு எனக்கும் சொல்லு, ராத்திரி தூக்கம் வராது எனக்கு." சிரித்துக்கொண்டே வைத்தான்.

ரஸ் வெகுநேரம் கழித்து எடுத்தார். அவள் பெயரைச் சொன்னதுமே அவருடைய மூச்சு மாறியது.

"சார், பழைய பேனா எங்க இருக்கு? தப்பா நினைக்காதீங்க, சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

"பேனா எதுக்கும்மா இப்ப?"

"பலகை அது பக்கத்துல இருக்குன்னு காட்டுது."

மறுமுனையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. "அவ கையில இருக்கும்மா," என்றார் ரஸ். "அடக்கம் பண்ணும்போது நாங்கதான் வெச்சோம். விரல மடக்கி அதுக்குள்ள வெச்சு மூடினோம். ஒரு படம் பாதியில நின்னுபோச்சு அவளுக்கு. கடைசிவரைக்கும் அதையேதான் சொல்லிட்டிருந்தா."

மாரிட் பச்சை விளக்கைப் பார்த்தாள்.

"அந்தப் பலகையத் தூக்கி வெளிய போட்டுடுங்கம்மா. பணத்தத் திருப்பித் தரேன். அது இருந்த ரூம்ல என்னால உக்கார முடியல. காத்து பத்தாது." பிறகு, வெட்கப்பட்டவர் போல, "உங்ககிட்ட வித்திருக்கக் கூடாது," என்றார்.

ஃபோனை மேசையில் வைத்தாள். ஒரு விரல் கனம் என்று டெஸ்மண்ட் சொன்னது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பேனா ஆற்றுக்கு அந்தப் பக்கம் மண்ணுக்குள், உள்ளே மெத்தைத் துணி தைத்த ஒரு சவப்பெட்டிக்குள், மடக்கிய விரல்களுக்குள் இருக்கிறது. இந்தப் பலகைக்கும் அதற்கும் ஒரு விரல் கனம்தான் இடைவெளி. அப்படியென்றால் ஒன்று, பேனா இங்கே வந்திருக்க வேண்டும்.

இல்லையென்றால்...

அந்த நினைப்பை அவள் முடிக்கவில்லை. கை தானாகப் போய் பலகையின் வயரைப் பிடித்தது. ஓர் இழுப்பு இழுத்தால் போதும்.

ஆனால் கண் திரைக்குப் போயிற்று. அதுதான் அவள் செய்த தப்பு. குகை முக்கால்வாசி முடிந்திருந்தது. வெளியே நின்று பார்க்கும் இருட்டு அல்ல அது. உள்ளே படுத்திருக்கிறவர்களுக்குத்தான் தெரியும் இருட்டு. மண் கரடியின் முகத்துக்கு மேல் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது பார்க்கிறவர் மூக்கிலேயே தெரிந்தது. பதினோரு வருஷத்தில் அவள் இப்படி ஒன்றை வரைந்ததில்லை. இனியும் வரையப் போவதில்லை, அதுவும் அவளுக்குத் தெரியும். கரடியின் முகத்தைச் சுற்றி ஒரு மூலை மட்டும் வெள்ளையாக மிச்சமிருந்தது. அம்புக்குறி அங்கே நின்று காத்திருந்தது.

மாரிட் வயரை விட்டாள்.

"நீங்களே முடிச்சிடுங்க," என்றாள் சத்தமாக. தன் குரலைக் கேட்டு அவளுக்கே உடம்பு கூசியது. "உங்களுக்குப் புண்ணியமாப் போகும். முடிச்சுக் குடுத்துடுங்க."

அம்புக்குறி இறங்கியது.

கோடுகள் விழ விழ அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையின் மேல் எதுவும் இல்லை. ஆனால் முனை உரசும் சத்தம் கேட்டது, சரக், சரக் என்று. அதைக் கேட்டுக்கொண்டிருந்ததில் வெந்நீர்க் குழாய் இருமுவதை நிறுத்தி வெகுநேரமாகிவிட்டது என்பது அவளுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. கீழ்வீட்டு வெங்காய வாசனையும் போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் கார்னேஷன் வாசனையும், அதற்கு அடியில் ஈரக் களிமண் வாசனையும் வந்திருந்தன. ஏரியில் கப்பல் ஊதியது. பஞ்சு அடைத்த காதில் கேட்பதுபோல் கேட்டது. ஜன்னல் பக்கம் திரும்பினாள். துறைமுக விளக்குகளைக் காணோம். மூடுபனி இறங்கியிருக்கும் என்று நினைக்கப் பார்த்தாள். ஆனால் ஜன்னலே கண்ணுக்குத் தெரியவில்லை. திரையின் வெளிச்சம் மேசையைத் தாண்டிப் போக மறுத்தது.

விட்ட மூச்சு முகத்துக்கே திரும்பி வந்தது.

கடைசிக் கோடு விழுந்தது. வெள்ளை மூலை நிறைந்தது. கரடி தூங்கிவிட்டது.

படத்தைச் சேமித்து, பெரனிஸுக்கு அனுப்பினாள். போய்விட்டது என்று திரை சொன்னது. அந்த ஒரு நொடி, பயத்துக்கு நடுவிலும், அவளுக்கு அழுகை வரும் அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு பலகையின் வயரையும் திரையின் வயரையும் சேர்த்துப் பிடுங்கினாள்.

திரை அணைந்தது.

முனை உரசும் சத்தம் நிற்கவில்லை.

மேசை விளக்கைத் தேடிக் கையை நீட்டினாள். முழங்கை நீள்வதற்குள் கை இடித்தது. சுவர் இல்லை. மெத்தென்று இருந்தது. துணி. மடிப்பு மடிப்பாகத் தைத்த வழுவழுப்பான துணி. இந்தப் பக்கமும் அதே. எழுந்திருக்கப் பார்த்தாள். நெற்றி இடித்தது. அங்கேயும் துணி.

நாற்காலி எங்கே? முதுகுக்குக் கீழே மெத்தை. கால் நேராக நீட்டியிருந்தது. எப்போது படுத்தாள்?

கத்தினாள். கத்தல் எங்கும் போகவில்லை.

அப்போது ஃபோன் அடித்தது. அவளுடைய ஃபோன்தான். பக்கத்தில் இல்லை. மேலே. வெகு மேலே, மேசைமேல் வைத்த இடத்தில், வெளிச்சமும் ஜன்னலும் ஏரியும் இருக்கிற இடத்தில். அடித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்கே கூப்பிடுகிறேன் என்று சொன்னவர், பிடித்துப்போய், சொன்னபடி கூப்பிடுகிறார்.

"இருக்கேன்," என்று அலறினாள் மாரிட். "இங்க இருக்கேன்! வேணும், எனக்கு வேணும்!"

அடிப்பது நின்றது.

மண் அமைதியாக இருந்தது. உரசும் சத்தமும் நின்றிருந்தது. அவள் தோளோடு தோளாக, இருக்கவே இடமில்லாத அந்த இடத்தில், யாரோ நிதானமாகத் திரும்பிப் படுத்தார்கள். துணி சரசரத்தது. ஜில்லென்ற விரல்கள் அவளுடைய வலக்கையைத் தேடி வந்தன. கண்டுபிடித்தன. உள்ளங்கையில் மெல்லிய குச்சி ஒன்றை வைத்தன. அவள் விரல்களை ஒவ்வொன்றாக, பொறுமையாக, அதன்மேல் மடக்கின.

பிறகு அந்தக் கை அவள் கைக்கு மேல் வந்து உட்கார்ந்து, இருட்டில் முதல் கோட்டை இழுத்தது.