செருப்புப் பெட்டியில் வந்த அரக்கன்

நாடகம் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது அரக்கன் வந்து சேர்ந்தான். ஒரு செருப்புப் பெட்டிக்குள்.

"என்ன இது, அரக்கன் குட்டி போட்டிருக்கானா?" என்றான் வாலு. அரக்கனோடு சண்டை போடப்போகும் வீரன் அவன்தான்.

சுண்டுவுக்கு அழுகையே வந்துவிட்டது. அரக்கனைக் காகிதத்தில் 0.24 மீட்டர் உயரத்துக்கு வரைந்தவள் அவள். திரைக்குப் பின்னாலிருந்து அவனுக்குக் குரல் கொடுக்கப்போகிறவளும் அவள்தான். ஒரு மாதமாக உறுமி உறுமித் தொண்டை கட்டியிருந்தது.

"படத்தைப்போலப் பத்து மடங்கு உயரம் கேட்டோமே, மாமா?"

பெட்டியைக் கொண்டுவந்த தச்சர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். "எழுதின அளவுக்குத்தானேம்மா பலகையில பொம்மை அறுக்க முடியும்?"

சீட்டில் முத்து முத்தான கையெழுத்து: 0.24 × 10 = 0.240 மீட்டர்.

எழுதியவர் நாடகத்தின் இயக்குநர், சுண்டுவின் பெரியப்பா. அரங்கத்துக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பவர். 'கணக்கு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு' என்று நாளைக்கு நாலு தடவை சொல்பவர்.

"பத்தால பெருக்கினா ஒரு பூஜ்யம் சேர்க்கணும். சேர்த்திருக்கேனே!" என்றார் அவர்.

"புள்ளிக்கு அப்புறம் கடைசியில பூஜ்யம் போட்டா எதுவும் இடம் மாறலையே, பெரியப்பா! 2 அங்கேயே இருக்கு. 4 அங்கேயே இருக்கு. பத்தால பெருக்கினா ஒவ்வொரு இலக்கமும் ஒரு இடம் இடதுபக்கம் ஏறணும். 2.4 மீட்டர் வரணும்!"

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அப்போதும் அது 0.240 ஆகவே இருந்தது.

"சரி, வீரனைக் குனிஞ்சு சண்டை போடச் சொல்லு."

"எலி பிடிக்கிறேன்னு நினைப்பாங்க!" என்றான் வாலு.

அந்த நேரம் பார்த்து, திரைக்குப் பின்னால் தரையில் இருந்த விளக்கைத் தச்சர் போட்டார். பெட்டியை எடுக்கக் குனிந்த வாலுவின் கைநிழல், வெள்ளைத் திரையில் குடைபோல விரிந்தது.

சுண்டு துள்ளிக் குதித்தாள். "மாமா, டேப் குடுங்க! வாலு, பொம்மையை எடு!"

விளக்கிலிருந்து திரைக்கு 3.5 மீட்டர். பொம்மையைச் சரிபாதித் தூரத்தில் நிறுத்தினார்கள். நிழல் இரண்டு மடங்கு ஆனது.

"பாதியில வெச்சா ரெண்டு மடங்கு. அப்போ, பத்துல ஒரு பங்கு தூரத்துல வெச்சா?"

"பத்து மடங்கு!" வாலு கத்தினான்.

"இப்போ பத்தால வகுக்கணும். இலக்கமெல்லாம் வலதுபக்கம் இறங்கும். 0.35 மீட்டர்!"

விளக்கிலிருந்து அவ்வளவு தூரத்தில் பொம்மையை வைத்தார்கள். திரையில் அரக்கன் விறுவிறுவென்று வளர்ந்தான். தச்சர் நிழலை அளந்தார்.

"2.4 மீட்டர்! அடி சக்கை!"

மணி அடித்தது. திரைக்குப் பின்னால் சுண்டு உறுமினாள். முன்வரிசையில் ஒரு பாப்பா வீறிட்டது. வாலு நிஜமாகவே நடுங்கினான். என்ன அருமையான நடிப்பு என்று பிறகு எல்லோரும் பாராட்டினார்கள்.

கைதட்டல் ஓயவில்லை. "எல்லாம் என் யோசனைதான்" என்று மேடையில் சொல்ல ஆசைப்பட்ட பெரியப்பா, பொம்மையைக் கையில் எடுத்துக்கொள்ள விளக்கின் முன்னால் குனிந்தார்.

திரையில் மாபெரும் மூக்கு ஒன்று முளைத்தது. அரங்கமே அதிர்ந்தது. தனக்குத்தான் கைதட்டுகிறார்கள் என்று பெரியப்பா குனிந்தபடியே வணங்கினார். மூக்கும் வணங்கியது.

தச்சர் சும்மா இருப்பாரா? டேப்பை நீட்டினார். "அரை மீட்டர்!"

பெரியப்பா பதறிப்போய் மூக்கைத் தடவினார்.

"பயப்படாதீங்க, பெரியப்பா," என்று அவர் காதில் சொன்னாள் சுண்டு. "பத்தால வகுத்தா 0.05தான்."