கண்ணாடியைத் தட்டாதவன்

இன்னாசி சார் அன்பாக மெசேஜ் போட்டிருந்தார். அறிவழகன் அதை இரண்டு தடவை படித்தான்.

‘கூண்டுக்குள் மட்டும்’ என்ற அந்த வாட்ஸ்அப் குழுவில் மொத்தம் பதினோரு பேர். மிருகக்காட்சி சாலைகளிலும் மீன் காட்சியகங்களிலும் அபூர்வமாக வளர்க்கப்படும் பிராணிகளை ஊர் ஊராகத் தேடிப் போய்ப் பார்த்து, பட்டியலில் ஏற்றுவதுதான் அவர்கள் வேலை. சிங்கம் புலியெல்லாம் குழந்தைகளுக்கும் புதுமணத் தம்பதிகளுக்கும். காட்டில் பார்த்தது கணக்கில் சேராது. பென்னாகரம் ரோட்டில் யானை ஒன்று பஸ்ஸை மறித்தபோது மொத்த பஸ்ஸும் கையெடுத்துக் கும்பிட, அறிவழகன் மட்டும் கொட்டாவி விட்டான்.

பாப்பிரெட்டிப்பட்டி இன்னாசி சார் பள்ளிக்கூட வாத்தியார். குழுவிலேயே கொடிய நாக்கு. ஆறு மாதம் அலைந்து மைசூரில் ஒரு மூஞ்சூறைப் பார்த்துவிட்டு வந்து அறிவழகன் படம் போட்டால், “எங்க வூட்டு அரிசி மூட்டையில நாலு இருக்கு, வந்து எண்ணிக்க” என்று பதில் போடுவார். அப்படிப்பட்டவர் எழுதியிருந்தது இது: “ஐநூறு முடிந்தது. காரிமங்கலம் பழைய மாம்பழக்கூழ் ஃபேக்டரி. எல்லோரும் அவசியம் வந்து பாருங்கள். அறிவழகன் தம்பி, சாப்பிட்டீங்களா?”

பிராணியின் பெயர் இல்லை. பெயர் இல்லாமல் பட்டியலில் ஏற்றக்கூடாது என்று சட்டம் போட்டதே அவர்தான். ஆனால் அறிவழகன் நானூற்றுத் தொண்ணூற்றொன்பதில் நின்றுகொண்டிருந்தான். இன்னாசி ஐநூறில் உட்கார்ந்திருக்கும் உலகத்தில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூவரசனின் பைக்கில் கிளம்பினான். பூவரசன் கல்லூரித் தோழன். தருமபுரி டவுனில் செல்போன் கடை. எந்த மீன் காட்சியகத்துக்குப் போனாலும் ஒவ்வொரு தொட்டியையும் ‘டொக் டொக்’ என்று தட்டி “ஹலோ” சொல்கிற ஜாதி. அறிவழகனின் பார்வையில் மனித குலம் இரண்டே வகை. கண்ணாடியைத் தட்டுகிறவர்கள், தட்டாதவர்கள். இரண்டாம் வகையில் அவன் தன்னைத் தவிர வேறு யாரையும் இன்னும் சேர்க்கவில்லை.

ஊர் ஊராகப் பொருட்காட்சி போடும் ஒரு கம்பெனி, சீசன் இல்லாத நாட்களில் தன் மீன்களை அந்த ஃபேக்டரியின் பழைய குளிர்பதன அறைகளில் வைத்திருந்தது. காவலுக்கு மாயவன் என்ற ஒரு பெரியவர். வெயிலில் நாற்காலி போட்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

“போனை இந்தக் கூடையில போடுங்க சார். லைட்டு அடிக்கக் கூடாது. பேசக் கூடாது. கண்ணாடியத் தட்டக் கூடாது.”

“தட்டுற ஆளு இவன்தாங்ணா. இவனை வெளியவே வெச்சுக்குங்க.”

“அப்ப நான் எதுக்குடா வந்தேன்?” என்றான் பூவரசன்.

“பெட்ரோலுக்கு.”

மாயவன் சிரிக்கவில்லை. சந்தையில் மாடு பிடிக்க வந்தவர் மாதிரி அறிவழகனை மேலும் கீழும் பார்த்தார். கடைசியில் வாயைப் பார்த்தார். அறிவழகன் உதட்டை மூடிக்கொண்டான். போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்ததில் பல் முழுக்கக் காவிக்கறை. எட்டாம் வகுப்பிலிருந்து அவன் பல் தெரியச் சிரித்ததில்லை. உதட்டோரமாக இளக்காரச் சிரிப்பு ஒன்றை மட்டும் பழகி வைத்திருந்தான்.

“என்ன பிராணிங்ணா? பேரு?”

“நாங்க வெக்கலைங்க. பாத்துட்டு வர்றவங்களும் சொல்றதில்ல. இருட்டுக்குக் கண்ணு பழகணும், அரை மணி ஆவும்.”

“இருபது நிமிஷம் போதும்” என்றான். இந்த ஆள் தனக்குச் சொல்லித் தருகிறாராம்.

உள்ளே, எத்தனையோ கோடைகளுக்கு முன்னால் அரைத்த மாம்பழத்தின் புளித்த வாடை சுவரிலேயே ஊறிப்போய்க் கிடந்தது; அதன் மேல் ஈரச்சாக்கு நாற்றம், அதன் மேல் மீன் கவிச்சி, எங்கோ ஒரு மோட்டார் தூக்கத்தில் முனகுவது போன்ற சத்தம். வழி நெடுகத் தொட்டிகள். எல்லாத் தொட்டியிலும் மீன்கள் வாசல் பக்கத்து மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு நின்றன. மீதித் தண்ணீர் காலியாக இருந்தது. பயந்தாங்கொள்ளிகள் என்று நினைத்தபடி நடந்தான்.

கடைசி அறையில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சட்டம். மேலே எழுத்தில்லாத பெயர்ப்பலகை. எதிரே பிளாஸ்டிக் ஸ்டூல். அவன் முதுகுக்குப் பின்னால், கதவுக்கு மேலே, ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்பு. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். சட்டத்துக்குள் இருட்டும், இருட்டுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் தன் பிம்பமும்தான் தெரிந்தன. வேறொருவன் என்றால் ‘காலித் தொட்டி’ என்று பத்து வினாடியில் நகர்ந்திருப்பான். காலித் தொட்டி என்று ஒன்று கிடையாது, பொறுமையில்லாத கண்தான் உண்டு. குழுவின் முதல் பாடம் அது. அவன் உதட்டோரமாகச் சிரித்தான். பிம்பமும் சிரித்தது.

கண் மெல்ல மெல்லப் பழகியது. தரையின் சாக்கடைத் துவாரம் தெரிந்தது, சுவரில் பெயர்ந்த ஓடுகள் தெரிந்தன, மேலே எங்கேயோ கட்டி ஒவ்வொன்றாகச் சொட்டும் தண்ணீர்கூடத் தெரிந்தது. தொட்டிக்குள் மட்டும் தண்ணீர் தெரியவில்லை. காற்றுக்குமிழிச் சத்தமும் இல்லை. பிம்பம்தான் நிமிடத்துக்கு நிமிடம் தெளிவாகிக்கொண்டு வந்தது. சட்டையின் மடிப்பு. மீசை. கண்.

பல்பு முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அப்படியென்றால் முகம் இருட்டாகத்தானே தெரிய வேண்டும்?

கிட்டப் பார்த்தான். அவன் வாட்ச் இடது கையில். பிம்பத்திலும் அது அவனுக்கு இடப்பக்கமே தெரிய வேண்டும். வலப்பக்கம் தெரிந்தது. எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் தெரிவது போல.

ஒரே ஒரு தட்டு. விரல் முட்டியால் ஒரு தடவை தட்டினால் கண்ணாடி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஆனால் தட்டுகிறவன் யார்? பூவரசன். ஐஸ்கிரீம் வழியும் கையோடு வரும் குடும்பங்கள். ‘ஹலோ’ ஜாதி. நானூற்றுத் தொண்ணூற்றொன்பது பிராணிகளைத் தட்டாமல் பார்த்தவன், ஒரு காவல்காரரின் ஓட்டைத் தொட்டிக்கு முன்னால் தட்டுவதா? கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான்.

சிரிப்பை நிறுத்தினான்.

அது நிறுத்தவில்லை.

உதடு விரிந்தது. பல். காவிக்கறை பல். அவன் வாய் மூடியிருந்தது.

மோட்டார் நின்றது. சொட்டும் நின்றது.

கையை உருவினான். நீட்டினான். தட்டினான்.

கண்ணாடி இல்லை.

முட்டி காற்றுக்குள் போனது. குளிர். அதற்கப்பால் ஈரமாக ஏதோ பட்டது. பிசுக்காக. மூச்சு ஒன்று முகத்தில் அடித்தது. புளித்த மாம்பழம்.

அது கையைத் தூக்கியது. விரலை மடக்கியது. அவன் நெற்றியில் தட்டியது.

டொக். டொக்.

கண்ணாடிச் சத்தம்.

அது ஸ்டூலிலிருந்து எழுந்தது. ஸ்டூல் இப்போது அந்தப் பக்கம் இருந்தது. அது சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, அவன் நடையில் நடந்து போனது. கத்த நினைத்தான். வாய் வரவில்லை. கண்ணை மூட நினைத்தான். இமை வரவில்லை. பிரதிபலிக்க எதிரே ஆள் இல்லை. அசைய அவனிடம் எதுவும் இல்லை.

திறந்த கதவு வழியாக வெயிலும் குரலும் வந்தன.

“என்னடா, பாத்தியா?”

“பாத்தேன் பூவரசா.” அவன் குரல். “வெயில்ல நிக்க வெச்சிட்டேன்ல? நீ சாப்பிட்டியா?”

பூவரசனை அப்படி யாரும் கேட்டதில்லை. அறிவழகன் நிச்சயமாகக் கேட்டதில்லை.

“இருட்டுல மண்டை கொழம்பிருச்சாடா உனக்கு? நானும் ஒருதடவ பாக்கட்டா?”

“வா வா. தட்டிக்கூடப் பாரு.”

பூவரசன் வந்து சட்டத்துக்கு முன்னால் நின்றான். அவன் தலை சாய்ந்தது. அறிவழகனின் தலையும் சாய்ந்தது. அவன் தலைமுடியைக் கோதினான். அறிவழகனின் கை தானாக எழுந்து முடியைக் கோதியது. பூவரசன் ‘டொக் டொக்’ என்று தட்டினான். அதே இடத்தில், இந்தப் பக்கம், அறிவழகன் தட்டினான். வாழ்க்கையில் இரண்டாம் தடவை.

“ஹலோ! ஒண்ணுமே இல்லியேடா. என் மூஞ்சியப் பாக்கவா இவ்ளோ தூரம்?”

பூவரசன் சிரித்தான். அறிவழகனின் வாய் திறந்தது. எட்டாம் வகுப்புக்குப் பிறகு முதல் முறையாக, எல்லாப் பல்லும் தெரிய.

பூவரசனின் சிரிப்பு சற்றுக் குறைந்தது. முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தான்.

“டேய். என் பல்லு ஏன்டா இப்படிக் காவியா தெரியுது?”

பாருடா. நான்டா. நல்லாப் பாருடா.

பின்னால் ஒரு கை வந்து பூவரசனின் தோளில் மெல்ல விழுந்தது.

“செவப்பு லைட்டுடா. வா, பசியோட இருக்காத.”

“அதான பாத்தேன்” என்றான் பூவரசன். போகிற போக்கில் கண்ணாடியைப் பார்த்து நாக்கைத் துருத்திப் பழிப்புக் காட்டிவிட்டு, அப்படியே சட்டென்று திரும்பிப் போய்விட்டான்.

கதவு சாத்திக்கொண்டது. பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. ரோடு ஏறியது. தேய்ந்தது.

மேலே தண்ணீர் மறுபடி சொட்டத் தொடங்கியது. அறிவழகன் நின்றுகொண்டிருந்தான், எழுத்தில்லாத பலகைக்குக் கீழே, பூவரசன் விட்டுப்போன இடத்தில், விட்டுப்போன மாதிரியே, நாக்கைத் துருத்தியபடி.

நாக்கு காயத் தொடங்கியது.