இடைவெளி இல்லாத விண்மீன்

‘நிரப்பி’ என்ற கணிப்பு நிரல் வந்த பிறகு எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி ஒரே விண்மீனை இரண்டாம் முறை பார்ப்பது அபூர்வமாகிவிட்டது. சில மாதத் துடிப்பைக் கொடுத்தால் போதும். மீதியை நிரப்பியே கணித்து அட்டவணையில் எழுதிவிடும். அறுபதாயிரம் விண்மீன்களுக்கும் தினமும் புதிய எண்கள். எது பார்த்தது, எது கணித்தது என்று யாரும் கேட்பதில்லை.

வானியலாளர் பூங்கோதைதான் கேட்டாள். பூமியைச் சுற்றும் தொலைநோக்கி தென் அட்லாண்டிக்குக்கு மேல் கதிர்வீச்சுப் பட்டையைக் கடக்கையில் உணரிகள் இருபது நிமிடம் அணைந்துவிடும். வரைபடத்தில் அங்கே வெற்றிடம் விழும். அவள் கண்டுபிடித்த நியூட்ரான் விண்மீனின் வரைபடத்தில் ஒன்பது ஆண்டுகளாக வெற்றிடமே இல்லை. அந்த அறுபடாத கோட்டைத் தரம் என்று எல்லோரும் பாராட்டினார்கள். அவளும்தான்.

நாகர்கோவில் கட்டுப்பாட்டு அறையில் அன்று பணியிலிருந்த சேவியர் சிரித்தார். “ஒம்பது வருசமா கண்ண மூடலன்னா நல்லதுதானே, டாக்டரம்மா?”

“மூடாம இருக்க முடியாதுண்ணே. அப்ப, தொறக்கவே இல்ல.”

“திருப்பிப் பாத்து, அது பாட்டுக்குத் துடிச்சிட்டு இருந்தா? வீண் பார்வைன்னு அஞ்சு வருசத்துக்கு உங்களுக்கு நேரமே தரமாட்டாவ.”

“தெரியும்.”

சேவியர் தொலைநோக்கியைத் திருப்பும் கட்டளையைக் கொடுத்தார். “மதியச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சிரணும்.”

அட்டவணைப்படி வினாடிக்கு நாற்பது எக்ஸ் கதிர் ஒளித்துகள்கள் வரவேண்டும். அரை மணியில் பதினொன்று வந்தன. வெறும் வானமே அவ்வளவு தரும். விண்மீன் அணைந்திருந்தது. பக்கத்துத் திரையில் நிரப்பி அப்போதும் நாற்பது, நாற்பத்தொன்று என்று எழுதிக்கொண்டிருந்தது.

சேவியரின் முகம் வெளிறியது. இப்படி அணைந்தவை இன்னும் எத்தனை என்று நிரப்பியிடமே தட்டச்சு செய்து கேட்டார். கையை எடுக்குமுன் விடை வந்தது: நான்கு.

“நாலுதானா. நான் பயந்தே போனேன்.” அறிக்கையில் அதை எழுதினார்.

“பாத்தாண்ணே சொன்னுச்சு?”

அவர் நிமிரவில்லை. “அறுபதாயிரத்தையும் பாக்க நம்ம ஆயுசு போதுமா? கையெழுத்துப் போடுங்க. இது மேல போனாத்தான் உங்க மீனுக்கு இன்னும் முப்பது மணி நேரம் கிடைக்கும்.”

அது எப்போது அணைந்தது, சாம்பலில் இன்னும் சூடு இருக்கிறதா என்று அறிய அந்த நேரம் போதும். நான்கு என்ற எண்ணைப் பூங்கோதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைச் சொல்வதற்குத் தொலைநோக்கி எந்த விண்மீன் பக்கமும் திரும்பியிருக்கவில்லை.

கையெழுத்திட்டாள்.