நாலாயிரம் தம்பி பிள்ளைகள்

காலை ஆறு மணிக்குப் பாலத்துக் கதவின் உறவுமானி வழக்கம்போல் கேட்டது: "பெரியப்பா நலமா?"

"நலம்" என்றான் கதவுக் காவலன் சவரியப்பன். பெரியப்பாவை அவன் சுவரொட்டியில் பார்த்ததோடு சரி. பதில் சொல்லாவிட்டால் கணுக்கால் வளையம் சுடும். ஆகவே நலம்தான்.

கரைநாட்டில் அடிமை என்ற சொல்லே கிடையாது. சட்டம் போட்டு அந்தச் சொல்லை ஒழித்துவிட்டார்கள். பாசிப் பண்ணைகளில் இடுப்பளவு உப்புத் தண்ணீரில் நிற்பவர்கள் எல்லோரும் முதலாளியின் தம்பி பிள்ளைகள். பிள்ளைகள் பெரியவரின் அனுமதியில்லாமல் வெளியூர் போகலாமா? சொந்தப் பிள்ளைகளுக்கு யாராவது கூலி கொடுப்பார்களா? கரைநாட்டு ஆளுநருக்கு மட்டும் நாலாயிரம் தம்பி பிள்ளைகள். சவரியப்பனும் அவர்களில் ஒருவன். ஆளுநருக்குத் தம்பி கிடையாது.

ஆற்றுக்கு அக்கரையில் மலைநாடு. அங்கே எல்லோரும் சுதந்திரர்கள். அதைப் பற்றி அவர்களுடைய முதல்வர் வாரம் தவறாமல் கண்ணீர் மல்கப் பேசுவார். பேசி முடித்ததும் கரைநாட்டுப் பாசிமாவில் சுட்ட ரொட்டியைச் சாப்பிடுவார். இரண்டும் ஒரே கொடியின் கீழ் ஒரே நாடாக இருந்தன. மாவு விலை ஏறிய மாதத்தில் மலைநாட்டுக்கு மனசாட்சி உறுத்தத் தொடங்கியது. கரைநாடு, "குடும்பத்தைப் பிரிக்க விடமாட்டோம்" என்று பீரங்கி வாங்கியது. போர் வந்தது.

பதினோரு வருடமாக, கதவுக்கு வெளியே எல்லையாகப் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று சவரியப்பனோடு வம்பளந்த மலைநாட்டுக் காவலன் போஜன் போர்முனைக்குப் போய்விட்டான். பேச மிஞ்சியது கதவு மட்டும்.

அன்று மதியம் லூர்தம்மாள் வந்தாள். ஆளுநரின் பண்ணையிலிருந்து தினமும் மாவு மூட்டை வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவள். இன்று வண்டி காலி. மாலை ஐந்து மணிக்குப் பாலத்தைத் தகர்க்கப்போவதாக மலைநாடு அறிவித்திருந்தது. அவளுடைய மகள் போன கோடையில் நீந்தி அக்கரை சேர்ந்தவள்.

"அண்ணே, கதவத் தொறங்க."

"அதுக்குப் பெரியப்பா கட்டைவிரல் வேணும்மா."

"அவரு இல்லன்னா அண்ணன் விரல் போதுமாமே. நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே பெரியப்பாதானே?"

அப்படி ஒரு விதி இருக்கத்தான் செய்தது. பண்பாடு மணக்க வேண்டுமென்று சட்டத்தில் பழைய குடும்ப வழக்கங்களையெல்லாம் அள்ளிப் போட்டிருந்தார்கள். நாலாயிரம் பேரை ஒருவருக்குப் பிள்ளைகளாக்கியபோது, அந்த நாலாயிரம் பேரும் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று எவரும் யோசிக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை: தங்கை திரும்பும்வரை அண்ணனின் வளையம் கதவோடு பூட்டிக்கொள்ளும்.

அவளுக்கும் அது தெரிந்திருந்தது. அதனால்தான் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

சவரியப்பன் கட்டைவிரலை வைத்தான்.

"அண்ணனுக்கு வயது நாற்பத்தொன்று, தங்கைக்கு முப்பத்தாறு. உறவு சரி" என்றது உறவுமானி.

கதவு திறந்தது. வளையம் பூட்டிக்கொண்டது. மஞ்சள் கோட்டைத் தாண்டிய பிறகு அவள் திரும்பினாள்.

"ஒங்கள யாருண்ணே அனுப்புவா?"

"எனக்கு மூத்தவன் எவனாச்சும் வருவான். நீ நில்லாம போ."

ஐந்து மணிக்குப் பாலத்தின் நடுப்பகுதி ஆற்றில் விழுந்தது. ஆறு மணிக்கு உறவுமானி கேட்டது: "தங்கை திரும்பினாரா?"

இல்லை என்றால் பண்ணைக்குச் செய்தி போகும். "வந்துக்கிட்டிருக்கு" என்றான்.

"காத்திருங்கள். குடும்பம் என்றால் அப்படித்தான்."

மறுநாளும் கேட்டது, அதே பதிலைச் சொன்னான். மூன்றாம் நாள் அவள் மகளைப் பார்த்திருப்பாள் என்றுகூடச் சேர்த்துச் சொன்னான். "காத்திருங்கள்" என்றது கதவு.

நான்காம் நாள் போர்ப்புகை வெயிலை மறைத்தது. கதவின் சூரியத் தகடு சோர்ந்தது. மாலை ஆறு தாண்டியும் குரல் வரவில்லை. மின்சாரம் முற்றும் தீர்ந்ததும் வளையம் தானாகக் கழன்று விழுந்தது. முன்னால் பாலம் இல்லை, பின்னால் பெரியப்பா.

சவரியப்பன் நகரவில்லை. கதவை மெல்லத் தட்டினான்.

"என் தங்கச்சியப் பத்தி இன்னைக்குக் கேக்கலியே."